உறையும் குருதியும் உறையாக் குருதியும்

உடம்பினுள் ஓடுங்கால் நீராய் நெகிழ்ந்திருத்தலும், உடம்பைவிட்டு வெளிப்பட்டவிடத்துச் சிறிது பொழுதில் கட்டியாய் இறுகுதலும் ஆகிய இரண்டு மாறுபட்ட இயல்புகள் ஒரே பொருளின்கண் அமைந்திருத்தல் வியப்பினும் வியப்பாம். அப்பொருள் குருதி. முந்திய இயல்பு கெடின், ஓட்டம் தடைப்பட்டு உறுப்புக்கள் அழியும்; பிந்திய இயல்பு கெடின், சிறியதொரு காயமும் பெருங்கேடாய் முடியும். நலமுற்ற உடம்பில் இவ்விரண்டும் துலாக்கோலின் இரு தட்டுக்கள் போல ஒத்து நிற்கின்றன. கொடிய நோயொன்று வந்துற்றகாலை, இவ்விரண்டும் ஒருங்கே கெடுதலும் உண்டு. அஃதாவது, உறையத்தகாத இடத்தில் உறைந்து, உறையவேண்டிய இடத்தில் உறையாதொழிதல். இம்மாறுபாட்டின் காரணத்தை எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தமிழ் பயிலும் யாம் மருத்துவப் பொருளை எடுத்துக்கொண்டது ஏனோ என்று நண்பர்கள் வினவக்கூடும். சென்ற ஆண்டு விடுமுறை நாளொன்றில், எம் கல்லூரி மாணவர் சிலருடன் முட்டுக்காட்டுக் கழியிற் படகேறி உலாவிய பின்னர், கோவளம் கடந்து தெற்கே வடநெம்மேலி சென்றோம். அங்குள்ள முதலைப் பண்ணையின் எல்லைக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்துள்ளது. வாய் துணியாற் கட்டப்பட்ட மண்பானைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. முதியவர் ஒருவர் ஒரு பானையினின்று கண்ணாடி விரியனைக் கொக்கிக் கோலால் எடுத்து, அதன் தலையைப் பற்றி, மெல்லிய படலம் போர்த்த குவளையைக் கடிக்கச் செய்தார். வெளிர்மஞ்சள் நிறத்துளிகள் சில உள்ளே வடிந்தன. அத்துளி ஒருவர் உடம்பிற் புகின் யாது நேரும் என்று கேட்டோம். “ரத்தம் உறையாது தம்பி. ஈறுல வரும், மூத்திரத்துல வரும், நிக்காது” என்றார் அவர். எம்முடன் வந்த விலங்கியல் மாணவரோ, “இந்நஞ்சு குருதியை உறையச் செய்வது என்றன்றோ எங்கள் நூல்கள் கூறுகின்றன?” என்றார். உறையாது என்பது ஒருவர் கூற்று. உறையச் செய்யும் என்பது மற்றவர் கூற்று. இவற்றுள் மெய் யாது? இரண்டும் மெய்யே என்பதைப் பின்னரே அறிந்தோம்.

முதற்கண், குருதி உறையும் முறையைக் காண்போம். குருதிக் குழாய் ஒன்று கிழிபட்டவுடன், குருதியில் மிதக்கும் நுண்ணிய தட்டணுக்கள் விரைந்து வந்து கிழிசலில் ஒட்டிக்கொள்கின்றன. இவை முதற் காப்பு. பின்னர், பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகிக் குருதியிற் கலந்து துயில்கொண்டிருக்கும் உறைபொருள்கள் ஒவ்வொன்றாய் விழிக்கின்றன. ஒன்று மற்றொன்றை எழுப்ப, அது வேறொன்றை எழுப்ப, இறுதியில் திராம்பின் என்பது தோன்றுகிறது. அது, குருதியிற் கரைந்துள்ள பைபிரினோஜன் என்பதை நார் நாராகத் திரித்து வலையாகப் பின்னுகிறது. அவ்வலையிற் சிவப்பணுக்கள் சிக்கி இறுகுவதே நாம் காணும் உறைவு. படிப்படியாய்ப் பெருகும் இவ்வொழுங்கை மாக்பார்லேன் என்னும் ஆங்கில அறிஞரும், டேவி, ராட்னாப் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1964-ஆம் ஆண்டில் தனித்தனியே விளக்கினர். இவ்வேலை எல்லை கடவாதவாறு தடுக்கும் பொருள்களும் குருதியிலேயே உள்ளன. வேலை முடிந்தபின் வலையைக் கரைக்கும் பொருளும் உண்டு. கட்டுவோனும் காவலனும் கலைப்போனும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர் என்க.

இவ்வொழுங்கு குலையுமாற்றை எங்கள் நாட்டு ஏரிகளைக்கொண்டு விளக்குவோம். செங்கற்பட்டுச் சீமை ஏரிகள் மலிந்தது என்பதை அனைவரும் அறிவர். மழைக்காலத்தில் ஏரிக்கரை ஓரிடத்தில் உடைப்பெடுத்தால், ஊரார் ஓடிவந்து மண்ணும் வைக்கோலும் மரக்கிளையும் இட்டு அவ்விடத்தை அடைப்பர். இஃது உரிய செயல். ஆயின், உடைப்பு இன்ன இடத்தில் என்றறியாது, எங்கும் உடைந்துவிட்டது என்றொரு பொய்ப்பறை ஊர்தோறும் ஒலிப்பதாகக் கருதுக. மக்கள் கலங்கி, கையிலகப்பட்ட மண்ணையெல்லாம் வயற்கால்களிலும் மதகுகளிலும் கொட்டுவர். கால்கள் அடைபடப் பயிர் வாடும். அதன்மேல், கரையில் மெய்யாகவே சிறு ஓட்டை ஒன்று விழுமாயின், அதனை அடைக்க ஒரு கூடை மண்ணும் எஞ்சியிராது. அடைபட்டதும் அக்குழப்பத்தால், அடைக்க முடியாமற் போனதும் அதே குழப்பத்தால்.

உடம்பினுள் நிகழும் இத்தகைய குழப்பத்தையே மருத்துவர் டி. ஐ. சி. என்று சுருங்க வழங்குகின்றனர். குருதிக் குழாய்களினுள் எங்கும் பரவும் உறைவு என்பது அதன் பொருள். நுண்குழாய்களில் ஆயிரக்கணக்கான சிறு உறைவுகள் தோன்றிச் சிறுநீரகம், நுரையீரல், மூளை முதலிய உறுப்புக்களின் ஊட்டத்தைத் தடுக்கின்றன. அவ்வாறே தட்டணுக்களும் பைபிரினோஜனும் ஏனை உறைபொருள்களும் செலவாகிவிட, ஊசி குத்திய இடத்தினின்றும் ஈற்றினின்றும் குருதி கசிந்து நில்லாதொழிகின்றது.

இது தனித்து வரும் நோயன்று. பிறிதொரு பெருநோயின் பின்வருவது. கிருமிகளின் நச்சுத்தன்மை குருதி முழுதும் பரவும் நிலை, பெருங்காயம், சிலவகைப் புற்றுநோய், கருவுற்ற தாய்மார்க்கு நச்சுக்கொடி முன்னரே பிரிதல் ஆகிய இவை அதன் காரணங்களுட் சில. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் கொரோனா பரவியபோது, டி-டைமர் என்னுஞ் சொல் நம் வீடுகளிலும் ஒலித்தமை நினைவிருக்கலாம். உறைந்த நார்வலை கரையும்போது உதிரும் துணுக்கே அது. அதன் அளவு மிகுமாயின், உடம்பினுள் எங்கோ உறைவு நிகழ்கின்றது என்பதற்கு அஃதொரு குறிப்பாம். அந்நோயில் மிகுதியாய்க் காணப்பட்டது உறைவே. குருதிப்போக்கு அத்துணை இல்லை. ஆதலின் ஒவ்வொரு நோயும் இத்துலாக்கோலைத் தன்தன் போக்கிற் சாய்க்கும் என்றறிக.

இனி விரியனிடம் மீள்வோம். நெல்வயலில் எலியை நாடித் திரிவது கண்ணாடி விரியன். முதுகிற் சங்கிலி போன்ற புள்ளிகளும், கொல்லன் துருத்தி போன்ற சீறலும் அதன் அடையாளங்கள். மணற்பாங்கிலும் கற்பாங்கிலும் மறைந்திருப்பது சிறிய சுருட்டை விரியன். கண்ணாடி விரியனின் நஞ்சு, உறைபொருள் வரிசையில் ஐந்தாவதையும் பத்தாவதையும் நேரே தட்டி எழுப்புகிறது. சுருட்டை விரியனின் நஞ்சோ திராம்பினின் முந்நிலையையே எழுப்புகிறது. முறைப்படி வரவேண்டிய ஆணை, இடைப்படிகளைத் தாண்டி வந்துவிடுகின்றது. பைபிரினோஜன் சிறிது பொழுதிற் செலவாகிவிடுகின்றது. பின்னர்க் குருதி உறைதற்கு யாதும் இல்லை. ஆகவே, நஞ்சின் தொழில் உறையச் செய்தல் என்ற எம் நண்பர் கூற்றும் மெய். அதன் விளைவு உறையாமை என்ற இருளர் முதியவர் கூற்றும் மெய். ஒருவர் காரணத்தைச் சொன்னார். மற்றவர் காரியத்தைச் சொன்னார். நஞ்சினால் வரும் இந்நிலையில், டி. ஐ. சி.-யிற் போல உறுப்புக்கள் எங்கும் உறைவால் அடைபடுதல் பெரும்பாலும் இல்லை என்பது பற்றி, வல்லுநர் இதனை வேறொரு வகையாகப் பிரித்தெண்ணுவர். எனினும் கண்ணாடி விரியன் கடித்தவர்க்குச் சிறுநீரகம் கெடுதல் அடிக்கடி காணப்படுகின்றது.

இந்நிலையை அறிதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை என்பது எம்மைப் பெரிதும் கவர்ந்தது. நோயாளியின் நாளத்தினின்று இரண்டு மில்லிலிட்டர் குருதியை எடுத்து, புதிய, தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசையாமல் 20 நிமிடம் வைத்தல் வேண்டும். பின்னர் ஒருமுறை சாய்த்துப் பார்த்தல் வேண்டும். கட்டியாய் நின்றால் நன்று. நீராய் ஓடினால், நஞ்சு குருதியைக் கெடுத்துவிட்டது எனத் துணியலாம். குழாய் கண்ணாடியாகவே இருத்தல் வேண்டும். ஏனெனில் கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுவது. பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. சோப்புத்தூளிட்டுக் கழுவிய பழைய குழாயும் பொய்ச்சான்று கூறும். சிற்றூர் மருத்துவ நிலையத்திலும் செய்யத்தக்க இவ்வெளிய சோதனை எத்தனையோ உயிர்களுக்குத் தீர்ப்பு வழங்குகின்றது.

குருதி உறையவில்லையாயின் செய்யத்தக்கது யாது? குறைந்த பொருளை நிறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆயின், நஞ்சு உள்ளே உலவும் வரை, புதிதாய் ஏற்றும் குருதிப்பொருளையும் அது விழுங்கிவிடும். பொய்ப்பறையை முதலில் நிறுத்தல் வேண்டும். அதன் பின்னரே மண் சுமத்தல் பயன்தரும். அப்பறையை நிறுத்துவது விஷமுறிவு மருந்து. நஞ்சு அடங்கியபின், கல்லீரல் பைபிரினோஜனைப் புதிதாய் ஆக்கிக் குருதியை நிலைக்குக் கொணரச் சில மணி நேரம் ஆகும். ஆதலின் மருத்துவர் ஆறு மணி நேரத்திற்கொருமுறை அச்சோதனையைத் திரும்பச் செய்வர். குழந்தைக்கும் பெரியவர்க்கும் இம்மருந்தின் அளவு ஒன்றே. பாம்பு ஆளின் அளவு நோக்கி நஞ்சைக் குறைத்துக் கொடுப்பதில்லையன்றோ? ஏனைய டி. ஐ. சி. நிலைகளிலும் நெறி இதுவே: மூலநோயைத் தீர்த்தாலன்றிக் குருதி தன்னிலை அடையாது.

இம்மருந்து தோன்றும் இடமே யாம் கண்ட அம்மண்பானை வரிசை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சையும் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்த, அதன் குருதியில் மாற்றுப்பொருள் விளைகின்றது; அதனைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகின்றனர். இருளர் முன்னர்ப் பாம்பின் தோலை விற்று வாழ்ந்தனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அத்தொழில் ஒழிந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் என்பாரின் துணையோடு 1978-ஆம் ஆண்டில் இக்கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்து, வாரம் ஒருமுறையாக நான்கு முறை நஞ்செடுத்து, அடையாளமிட்டுப் பழைய இடத்தே விட்டுவிடுகின்றனர். இந்திய நாட்டு மருந்துச்சாலைகளுக்கு நஞ்சு மிகுதியும் இங்கிருந்தே சென்றுள்ளது. செங்கற்பட்டு மாவட்டத்து இருளராகிய வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர்க்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. எழுத்தறியாதார் என்று நாம் எளிதாய்க் கடந்துசெல்லும் மக்களின் அறிவு, எழுத்தறிந்தார் பலரின் உயிரைக் காத்து நிற்கின்றது. ஒன்று மட்டும் குறிக்கத்தக்கது: ஒரே இனத்துப் பாம்பின் நஞ்சும் நாட்டின் பகுதிதோறும் வேறுபடுதலின், ஓரிடத்து நஞ்சால் ஆன மருந்து எங்கும் ஒரேயளவு பயன்படுவதில்லை என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர்.

கொல்லும் பொருளே காக்கவும் கூடும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. முற்கூறிய மாக்பார்லேன், குருதி உறையாப் பிறவிநோய் உடையார்க்குக் கண்ணாடி விரியனின் நஞ்சை மிக நீர்க்கச் செய்து காயத்தின்மேல் இட்டுக் குருதியை நிறுத்தலாம் என்று 1934-ஆம் ஆண்டில் வெளியிட்டார். குருதிச் சோதனைச் சாலைகளில் இந்நஞ்சு இன்றும் ஒரு கருவியாய்ப் பயன்படுகின்றது. இப்பாம்பின் ஆங்கிலப் பெயரோ, சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவரின் நினைவாய் அமைந்தது.

மெலித்தா தீவில் விறகுக்கட்டினின்று வந்த விரியன் பவுலின் கையைக் கவ்வியதனை நாம் அப்போஸ்தலர் நடபடிகளிற் படிக்கின்றோம். அவர் வீங்குவார் என்று தீவினர் பார்த்திருந்தனர் என அந்நூல் குறிப்பது, வைத்தியனாகிய லூக்காவின் கூரிய நோக்கிற்கு ஒரு சான்றாம். விரியன் கடியின் முதற்குறி வீக்கமே. பவுலுக்குக் கிட்டிய அருளை நினைந்து நாம் துதிக்கின்றோம். ஆயின், அவ்வருள் நமக்கு மருத்துவர் கைவழியாகவும், இருளர் கைவழியாகவும் வருதலை மறுத்து, வீட்டிலேயே காலங்கடத்துதல் விசுவாசம் ஆகாது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தார் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுள்ளது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களுட் பெரும்பாலார் சிற்றூர்களில் வாழ்வோர். தமிழ்நாட்டரசு 2024-ஆம் ஆண்டில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. ஆயினும் சட்டம் வயல்வரப்பிற்கு வந்து ஆளைத் தூக்கிச் செல்லாது; அது நம் கடன். கடியுண்டாரை அச்சந்தணித்து, கடித்த உறுப்பை மட்டைகட்டி அசையாது வைத்து, மோதிரம் வளையல்களைக் கழற்றி, 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்க்க. கயிற்றால் இறுகக் கட்ட வேண்டா. கத்தியாற் கீற வேண்டா. உறையாக் குருதியுடையார்க்குக் கீறிய புண்ணே கூற்றாகும். வாயால் உறிஞ்ச வேண்டா. மந்திரிப்பார் வாயிலிற் காத்திருக்க வேண்டா.

அன்று மாலை யாம் திரும்புங்கால், முட்டுக்காட்டுக் கழியின் முகத்தை மணல் பாதி அடைத்திருக்கக் கண்டோம். முற்றும் அடைபடின் கழி நாறும். முற்றும் திறந்தே கிடப்பின் கடல் உட்புகும். அளவோடு அடைபட்டும் அளவோடு திறந்தும் இருத்தலே அதன் வாழ்வு. நம் குருதியின் வாழ்வும் அன்னதே. அவ்வளவைப் படைத்தான் இறைவன். அது பிறழ்ந்த வேளையில் ஓடிச்சென்று உதவும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கின்றான். விடுமுறைக்குத் தத்தம் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், தம் ஊரில் ஒருவர்க்கேனும் இச்செய்தியைச் சொல்வராயின், இவ்வெழுத்துப் பயன்பெற்றதாகும்.