நூலிழைக் காவல்

தமிழிலே பொறி என்னுஞ் சொல் பல பொருள் குறித்து நிற்பது. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறி, எலியைப் பிடிக்க வைக்குங் கருவியும் பொறி, எந்திரமும் பொறி, தீயிற் பறப்பதும் பொறி. இவற்றுள் முன்னிரண்டும் ஒரே சொல்லால் வழங்கினும் தம்முள் மாறுபட்ட தொழிலையுடையன. கண்ணும் செவியும் வருவதனை அறிவிப்பன. எலிப்பொறியோ வந்ததனைப் பற்றி வருத்துவது. வழியிலோ கதவிலோ ஒரு நூலைக் கட்டி, அதனை ஒருவர் அசைத்ததும் மணி ஒலிக்கச் செய்யும் எளிய கருவியைப் பற்றி எழுதப் புகுந்த நாம், அஃது இவ்விருவகைப் பொறியுள் எவ்வகையைச் சார்தல் வேண்டும் என்பதனையே முதற்கண் சிந்தித்தோம். இலக்கணங் கற்பிப்பார்க்கு மின்கலத்தோடு என்ன உறவு என விஞ்ஞான ஆசிரியர்கள் நகைத்தல் கூடும். மாணவர் விடுதிகளிலே நூலும் பேணியுங் கொண்டு இரவில் நிகழும் ஆராய்ச்சிகள், பகலில் ஆய்வுகூடத்தில் நிகழ்வனவற்றினும் மிகப் பல என்பதனை அவர்களும் அறிவர்.

கயிற்றை அசைத்து மணியால் அறிவிக்கும் முறை ஈழநாட்டிற்குப் புதிதன்று. அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசு செலுத்தியவனாகச் சொல்லப்படும் எல்லாளன், தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைத் தூக்கி, முறை வேண்டினார் எவரும் அடிக்கத்தக்கதாக அதிலே நீண்ட கயிற்றைப் பிணித்திருந்தான் என மகாவம்சம் கூறும். கன்றையிழந்த பசு மணியை அசைத்த கதை அந்நூலிலும் உண்டு; திருவாரூர் மனுநீதிச் சோழன்மேல் வைத்துப் பெரியபுராணத்திலும் உண்டு. எது முந்தியது என்னும் வழக்கினை வரலாற்றாசிரியர்க்கு விட்டுவிடுவோம். கருவியின் அமைப்பையே நாம் இங்கு நோக்குகின்றோம். கயிற்றின் ஒரு முனையில் துயருற்றவர், மறுமுனையில் துயில்பவன். இழுத்தவருக்கு யாதொரு தீங்குமில்லை, விழித்தவனுக்கே வேலை.

இனிச் செய்முறையைக் கூறுவாம். எல்லாவற்றுள்ளும் எளியது பேணிக் காவல். இரண்டு வெறும் பாற்பேணிகளில் ஏழெட்டுக் கூழாங்கற்களை இட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாழ்ந்த பலகையொன்றின் விளிம்பில் நிறுத்துக. கீழ்ப்பேணியில் நூலைக் கட்டி, அதன் மறுமுனையைக் கதவின் கொளுக்கியிற் பிணிக்க. பலகையை விட்டு விலகித் திறக்குங் கதவாயின் நூல் பேணியை இழுத்து வீழ்த்தும். பலகையை நோக்கித் திறக்குங் கதவாயின் நூலே வேண்டியதில்லை. பேணிகளைக் கதவோடு அணைய வைத்தாற் போதும். பலகை ஒரு சாண் உயரத்திற்கு மேற்படலாகாது. கதவின் மேல் விளிம்பிலே பேணியையோ நீர் நிறைந்த வாளியையோ ஏற்றிவைப்பார் உளர். அது காவலுமன்று, விளையாட்டுமன்று. வருபவர் மண்டையைப் பிளக்கும் முயற்சி.

சற்று நுட்பமானது மின்மணிக் காவல். கொடியில் உடுப்புக் கொளுவும் மரக் கிளிப் ஒன்று, ரோச் லைற்றுக்கு இடும் ஒன்றரை வோல்ற்று மின்கலம் இரண்டு, அம்மூன்று வோல்ற்றில் ஒலிக்கக்கூடிய சிறு மின்மணி ஒன்று, மேலுறையிட்ட மெல்லிய செப்புக் கம்பி, சொக்கிளேற்று சுற்றிவரும் வெள்ளித்தாள், பழைய சீட்டுக்கட்டிலிருந்து எடுத்த ஒரு சீட்டு என்பன வேண்டும். கிளிப்பின் இரு தாடைகளிலும் வெள்ளித்தாளைத் தனித்தனியே சுற்றி, ஒவ்வொன்றின்கீழும் மேலுறை நீக்கிய கம்பி முனையொன்றைச் செருகுக. ஒரு கம்பி மின்கலத்திற்குச் செல்க; மற்றையது மணிக்குச் செல்க; மணியிலிருந்து மீண்டும் மின்கலத்திற்கு ஒரு கம்பி வருக. தாடைகள் ஒன்றையொன்று தொட்டவுடன் மின்சுற்று முழுமையுற்று மணி ஒலிக்கும். இப்பொழுது சீட்டினைத் தாடைகளுக்கிடையே நுழைத்திடுக. கடதாசி மின்னைக் கடத்தாதாகலின் மணி அடங்கும். சீட்டின் ஓரத்தில் துளையிட்டு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கதவிற் பிணித்துவிட்டாற் காவல் தயார். கதவு அசையச் சீட்டு நழுவும், தாடைகள் கவ்வும், மணி ஒலிக்கும். சீட்டினை மீண்டும் நுழைக்கும்வரை அஃது ஓயாது.

இதிலே மாணவர் பெரும்பாலும் இடர்ப்படுவது இரண்டிடத்தில். கிளிப்பின் நடுவிலுள்ள இரும்புச் சுருளை வெள்ளித்தாள் இரு பக்கமுந் தொட்டுவிடின், சீட்டு இருந்தும் மணி ஒலித்துக்கொண்டேயிருக்கும். தாடையின் நுனியளவிலே தாளை நிறுத்துக. மற்றையது நூல். சீட்டை இழுக்கும் வலி நூலுக்கு இருந்தாற் போதும். ஆளை வீழ்த்தும் வலி இருத்தலாகாது. ஒற்றையிழைத் தையல் நூலை இரு கையாற் பற்றிச் சிறிது வலிந்திழுத்தால் அறுந்துபோதல் வேண்டும்; அதுவே சோதனை. மீன்பிடிக்குந் தங்கூசியை எடுத்தலே கூடாது. அது கண்ணுக்குந் தெரியாது, அறவும் அறாது, கணைக்காலை அறுக்கும். நூலை நடைபாதையின் குறுக்கே கட்டுவதினும் கதவிலே கட்டுவதே நன்று. படிக்கட்டிலும் அதன் தலைவாயிலிலும் ஒருபோதுங் கட்டற்க. சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்தை இவ்விளையாட்டிற் சேர்க்க எண்ணுவாரை ஆசிரியர் என்ற முறையில் எச்சரிக்கின்றோம். அது மணியை ஒலிப்பிக்குமுன் ஆளை முடித்துவிடும்.

கள்வன் நூலைக் கண்டு அறுத்துவிட்டால் என் செய்வது என மாணவர் வினவுவர். நல்ல வினா. மேற்சொன்ன கருவி இழுத்தாற்றான் அறியும், அறுத்தால் அறியாது. அதற்கு மாறான அமைப்பும் உண்டு. நூலுக்குப் பதிலாக மயிரிழை போன்ற செப்புக் கம்பியை நீட்டி, அதனூடாக எப்பொழுதும் சிறிது மின்னோட்டம் சென்று ஒரு மின்காந்தத்தை இயக்கச் செய்வர். காந்தம் ஓர் இரும்பு நாக்கைப் பற்றி வைத்திருக்கும். கம்பி அறுந்தால் காந்தம் வலியிழக்கும். நாக்கு விடுபட்டு மணியுள்ள இரண்டாம் சுற்றினை மூடும். மௌனமே செய்தியாகும் விந்தையான அமைப்பு இது. ஆனால் மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும். விடுதி மாணவரின் பணப்பைக்கு ஏற்றதன்று. மின்னாற் கதவைக் காக்கும் எண்ணத்திற்கு அமெரிக்காவிலே பொஸ்டன் நகரை அடுத்த ஊரினரான அகஸ்டஸ் ரசல் போப் என்பவர் 1853 இல் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளிற் கதவின்மேற் பொருத்தப்படுங் காந்த மணிகளும் அவ்வெண்ணத்தின் வழிவந்தனவே. வெள்ளவத்தை வீடுகளில் இத்தகைய காவல் நள்ளிரவில் எழுப்பும்பொழுது அகப்படுபவர் கள்வராதல் அரிது. கூரைக்குள் குடியிருக்கும் மரநாயாரே பெரும்பாலும் வந்திருப்பர்.

மரநாயைச் சொன்னோம்; இதிலேதான் பெரியதொரு செய்தி அடங்கியுள்ளது. நூல் வருபவரை அறியாது. நற்றிணையின் 119 ஆம் பாட்டிலே, தினையுண்ணும் பன்றிக்கு அஞ்சிய புனங்காவலன் அடார் என்னும் கற்பொறியை அமைக்கின்றான். அதிலே புலி வந்து படுகின்றது. இற்றைக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செய்தி. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மலையகத்து நல்லதண்ணிப் பகுதியிலே கம்பிக் கண்ணியொன்றிற் கருஞ்சிறுத்தை அகப்பட்டுச் சில நாளில் மாண்டது. புலவர் பாடியது நம் கண்முன்னே நிகழ்ந்தது. பன்றிக்கெனக் கட்டப்படும் கட்டுத்துவக்கோ விறகு பொறுக்கச் சென்றவரையும் தேன் எடுக்கச் சென்றவரையும் யானையையும் ஒருங்கே சுடும். நூலை அசைத்த கால் யாருடையது என்று வினவ அதற்கு வாயில்லை. ஒரே நூலின் முனையிற் பேணியைக் கட்டலாம், துவக்கையும் கட்டலாம். வன்னி மண்ணிலே போர்க்காலத்தில் கண்ணிவெடியும் கட்டப்பட்டது. ஆளின் அசைவினாலேயே வெடிக்கும் அத்தகைய கண்ணிவெடிகளை விலக்கும் உலக உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பர் 13 ஆம் நாள் இணைந்தது. புதைத்தவர் போய்விட்டார், நூலும் வெடியும் காத்துக்கிடந்தன, அகற்றுவோர் ஆண்டுக்கணக்கில் முழந்தாளிட்டு நிலத்தைத் தடவினர்.

யானை வரும் ஊர்களில் வயலைச் சுற்றிக் கயிறு கட்டி, வெறும் பேணிகளையும் போத்தல்களையும் தொங்கவிட்டுப் பரணிலே விழித்திருக்கும் கமக்காரரை நினைக்குந்தோறும் எமக்கு மதிப்பு மிகுகின்றது. சிம்பாப்வே நாட்டுச் சம்பேசி ஆற்றுப்புறத்தும் கமக்காரர் கயிற்றில் மாட்டுமணிகளைக் கட்டி இவ்வாறே அறிந்தனர். அவர்கள் கட்டியது செவியாகிய பொறி.

குறும்புக்கும் இவ்வளவுகோலே போதும். நூலாற் செய்யுங் குறும்புகளுள் பழையது சாளரத் தட்டல். சட்டைப் பொத்தான் ஒன்றை நூலில் தொங்கவிட்டுச் சாளரக் கண்ணாடியின் மேற்சட்டத்தில் மாட்டி, அதிற் கட்டிய நீண்ட நூலைத் தொலைவிலிருந்து மெல்ல இழுத்து விட்டால் டொக்டொக்கென ஒலிக்கும். உள்ளிருப்பவர் எழுந்து பார்த்தால் ஒருவரும் இரார். தோழன் அறையிலே செய்தால் நகைப்பிற்குரியது. நூறு ரூபாத் தாளை நூலிற் கட்டிக் குனிபவர் கையினின்றும் இழுப்பதும் அத்தகையதே. காலி வீதியின் ஓரத்தில் மட்டும் வேண்டா, குனிந்து தொடர்பவர் பஸ் வண்டியை நோக்கார். எதிரெதிர் அறைகளின் கதவுப்பிடிகளைக் கயிற்றாற் பிணித்து இருவரையும் அடைத்துவைப்பதை நாம் குறும்பென ஒப்பமாட்டோம். தீப்பிடித்தால் அக்கயிற்றை அவிழ்க்க யார் வருவார்?

இன்னுமொன்று நம் நகருக்கே உரியது. சாளரத்தை யார் தட்டினாலும் சிரிக்க எல்லோராலும் இயலாது. 1983 யூலை மாதத்தில் வெள்ளவத்தை ஒழுங்கைகளிற் கதவுகள் எவ்வாறு தட்டப்பட்டன என்பதை அறிந்த பாட்டிமார் இன்றும் அவ்வொழுங்கைகளிற் சிலவற்றில் வாழ்கின்றனர். 2007 யூன் 7 ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பலர் எழுப்பப்பட்டு, பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அக்காலத்தில் விடுதி அறைகளில் இருந்தவர்க்கு நள்ளிரவுத் தட்டல் என்பது பொத்தான் ஒலியன்று. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. சொல்லிவைத்தல் நம் கடமை. ஆகவே தட்டுவதாயின் பகலில் தட்டுக. அறிந்தவர் சாளரத்தில் தட்டுக. அவர் எழுந்து வருமுன் நீரே வெளிப்பட்டுச் சிரித்துவிடுக. சீனவெடியை நூலிற் பிணித்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

விடுதி மாணவர்க்கு நாம் விதந்துரைப்பது மின்மணியே. உறங்கும் தோழனின் மேசை இழுப்பறையினுள் கிளிப்பையும் மணியையும் வைத்து, சீட்டின் நூலை மேசைச் சட்டத்தில் உட்புறமாகக் கட்டிவிடுக. அவன் காலையிற் பேனாவை எடுக்க இழுப்பறையைத் திறந்ததும் மணி அலறும். நிறுத்தும் வழி அறியாது அவன் திகைப்பான். நிறுத்தும் வழியைச் சொல்லுவதற்கு நீர் அருகிலேயே நிற்றல் வேண்டும். பரீட்சைக் காலத்திற் செய்யற்க. மின்கலங்களை முடிவிற் கழற்றி எடுத்துக்கொள்க, அவை விலையுயர்ந்தன.