ஒரு ராத்திரி வண்டி நிறுத்த இத்தனை விசாரணையா! ஏன் தெரியுமா?

படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாமே 'ஆர்.வி.' என்ற வண்டிக்குள். அப்படி வீட்டோடு அமெரிக்காவைச் சுற்றும் ஆர்.வி. பயணிகள், ராத்திரி நிறுத்த இடம் தேடும்போது மட்டும் ஏன் இப்படித் துருவித் துருவி மதிப்புரை எழுதுகிறார்கள்? படித்துப் பாருங்கள், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் ஆச்சரியம் இருக்கிறது!

'தரை சமமா?' என்று எல்லாரும் கேட்கிறார்களே, ஏன் தெரியுமா? படுத்தால் உருளக் கூடாது என்பதற்காக மட்டுமல்ல. பல வண்டிகளில் இருப்பது கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். அதில் கம்ப்ரசரே கிடையாது! சின்னஞ்சிறு தீச்சுடர் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். ஆவி மேலே ஏறும், குளிர்ந்து திரவமாகும், பிறகு தன் எடையாலேயே குழாய்களில் வழிந்து கீழே வரும். நெருப்பை வைத்துப் பாலைக் குளிர வைக்கிறார்கள்! வண்டி ரொம்பச் சாய்ந்து நின்றால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும். முதலில் குளிர்ச்சி போகும். கவனிக்காமல் விட்டால் ஃபிரிட்ஜே போய்விடும்.

அடுத்தது கரண்ட். 30 ஆம்பியர் இணைப்பு, 50 ஆம்பியர் இணைப்பு என்று இரண்டு வகை. வித்தியாசம் கொஞ்சம்தான் என்று நினைத்தீர்களா? 30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் கம்பி ஒன்றுதான். 3,600 வாட் கிடைக்கும். 50 ஆம்பியரில் அப்படிப்பட்ட கம்பி இரண்டு, 12,000 வாட்! மூன்று மடங்குக்கும் மேல்! இதைக் குறிப்பிடாமல் 'மின்வசதி உண்டு' என்று எழுதிவிட்டு ஐந்து நட்சத்திரம் போடும் மதிப்புரையால், இரண்டு ஏ.சி. ஓட்டும் குடும்பத்துக்கு என்ன பிரயோஜனம்?

சில இடங்களில் வண்டியின் சுவரைக்கூட விசாரிப்பார்கள்! யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் கூடாரம் போட முடியாது, தெரியுமா? கித்தான் சுவர் வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. கெட்டியான சுவர் கட்டாயம். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் அது!

இப்படி ராத்திரி தங்க இடம் கொடுத்து, இன்று நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கும் கே.ஓ.ஏ. என்ற தொடர் முகாம்கள், 1962இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில் ஆற்றங்கரையில் தொடங்கியவை. சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் அந்த வழியாகப் போனார்கள். அப்போது வெந்நீர்க் குளியலோடு ஒரு ராத்திரிக்கு 1.75 டாலர்!

வண்டிக் கூட்டத்தில் எல்லாவற்றையும் மிஞ்சுவது அரிசோனாவின் குவார்ட்ஸைட். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் பாலைவன ஊர். குளிர்காலம் வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டிகள்! பக்கத்திலேயே லா போசா என்ற அரசு நிலம், 11,000 ஏக்கருக்கும் மேல். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதம் தங்குவதற்குப் பல ஆண்டுகளாக வாங்கிய கட்டணம் 180 டாலர். கணக்குப் போட்டால் நாளுக்கு ஒரு டாலர்கூட இல்லை! வண்டிக்கு வண்டி மின் இணைப்பெல்லாம் கிடையாது. கூரைமேல் சூரியத் தகடு விரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஊர் இடுகாட்டில் ஒரு பிரமிடு இருக்கிறது, தெரியுமா? உச்சியில் உலோக ஒட்டகம்! 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் பயணத்துக்காகக் கப்பலில் ஒட்டகங்களை இறக்கியது. அவற்றை மேய்க்க வந்த ஹாஜி அலியின் கல்லறை அது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது!

கோடையில் இங்கே வெயில் 45 டிகிரியையும் தாண்டும். அதனால் குவார்ட்ஸைட்டைப் பற்றி எவ்வளவு புகழ்ந்து எழுதியிருந்தாலும், எந்த மாதத்தில் தங்கினார்கள் என்று தேடிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்!