எழுத்துக்கு முன்னால் டிபன் பாக்ஸ்

"அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்." பேச்சும் நடையும் தாமதப்படும் குழந்தை உள்ள வீட்டில் இதை யாராவது சொல்லிவிடுவார்கள். ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் அந்த ஆறுதலிலேயே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. மூளை மிக வேகமாக வளர்வதும், பயிற்சிக்கு நன்றாக இணங்குவதும் முதல் ஐந்தாறு ஆண்டுகளில்தான். எல்கேஜி சேர்ந்த பிறகு மிஸ் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எப்போது டாக்டரிடம் போவது?

ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதில் "பால் தா", "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் அடுத்த நாளே போங்கள். நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் வேலை செவித்திறன் பரிசோதனை. மிக்சி சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. பெரிய சத்தம் கேட்கும் குழந்தைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். கண் பரிசோதனையும் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பணம் தடையாக வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை பரிசோதிக்க வேண்டும். குறை இருந்தால் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை எல்லாம் அங்கே இலவசம். மாறாக, ஸ்டெம்செல் ஊசியால் ஆட்டிசம் குணமாகும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களை நம்பாதீர்கள். அதற்குப் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை.

பள்ளிக்கு எதைக் கற்றுக்கொடுத்து அனுப்புவது?

பெரும்பாலான வீடுகளில் சேர்க்கைக்கு முன் "அ, ஆ", "ஏ, பி, சி" என்று குழந்தையைப் பிழிகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். டிபன் பாக்ஸைத் தானே திறந்து சாப்பிடுவதும், பாத்ரூம் வருகிறது என்று சொல்லத் தெரிவதும்தான் முதல் பாடங்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பசியோடும் நனைந்த உடையோடும் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எந்த எழுத்தும் ஏறாது.

டிபன் பாக்ஸைக் கடைசிப் படியிலிருந்து பழக்குங்கள். மூடியை முக்கால்வாசி நீங்களே திறந்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். திறந்ததும் உள்ளே பிடித்த தின்பண்டம் இருக்கட்டும். அது கைவந்த பிறகு பாதி திறந்து கொடுங்கள். பிறகு மூடியபடியே கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலை குழந்தையின் கையில் முடிவதால் "நான்தான் திறந்தேன்" என்ற தெம்பு வரும். சட்டை பட்டன், ஷூ எல்லாவற்றையும் இப்படியே பழக்கலாம்.

காலையில் நடக்கும் வேலைகளைப் போட்டோ எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டிவையுங்கள். பல் தேய்ப்பது, குளிப்பது, யூனிஃபார்ம், இட்லி, ஆட்டோ. அடுத்தது என்ன என்று தெரிந்தால் அழுகை குறையும். பேச்சு வராத குழந்தையின் ஐடி கார்டோடு பாத்ரூம் படத்தையும் மாட்டிவிடுங்கள், காட்டினால் போதும்.

விரலில் பலம் வராத குழந்தையிடம் பென்சிலைத் திணிப்பது சித்திரவதை. சப்பாத்தி மாவு உருட்டட்டும், துணி கிளிப்பை அழுத்தி மாட்டட்டும்.

மிஸ்ஸிடம் மறைக்காதீர்கள்

சொன்னால் சீட் கிடைக்காது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மறைத்துச் சேர்த்த குழந்தைக்கு ஒரு மாதத்திலேயே "அடங்காத பிள்ளை" என்று பெயர் விழும். ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், எதைக் கொடுத்தால் அமைதியாவான், பாத்ரூமுக்கு எப்படிக் கேட்பான். முன் வரிசையில் இடமும், ஒரு நேரத்தில் ஒரே கட்டளையும் கேளுங்கள். இவ்வளவையும் எந்த ஆசிரியராலும் செய்ய முடியும்.

ஊனத்தைக் காரணம் காட்டி அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவும் சேர்க்கையை மறுக்க முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்றால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. அரசுப் பள்ளியென்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

அம்மா மட்டுமல்ல

தெரபிக்கு அழைத்துப் போவது, வீட்டில் பயிற்சி கொடுப்பது, உறவினர் கேள்விக்குப் பதில் சொல்வது, எல்லாம் தாய் தலையிலேயே விழுகிறது. வேலையை விட்டவரும் பெரும்பாலும் அவர்தான். அப்பாக்களே, மாதம் இரண்டு தெரபி வகுப்புக்காவது நீங்கள் கூட்டிப் போங்கள். பயிற்றுநர் செய்வதைப் பார்த்தால்தான் வீட்டில் நீங்களும் செய்ய முடியும்.

வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்கவிருப்பவர்கள், யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும் முன் செவித்திறன் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.