இருப்புப்பாதைத் தொழிலாளரின் குடியிருப்பும் சுகாதாரமும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு 1963-ஆம் ஆண்டிலும், அங்கிருந்து திருச்சுழி, நரிக்குடி மார்க்கமாக மானாமதுரைக்கு 1964-ஆம் ஆண்டிலும் ரயில்பாதை திறக்கப்பட்டது. மீட்டர்கேஜாயிருந்த அப்பாதை 2013-ஆம் ஆண்டில் அகலப்பாதையாயிற்று. வண்டி ஓடுவதைக் கிராமவாசிகள் யாவரும் காண்கின்றனர். அது தவறாமல் ஓடும்பொருட்டு மேட், கீமேன், கேங்மேன் ஆகியோர் படும் பாட்டையும், அவர்கள் குடியிருக்க வேண்டிய வீட்டின் லக்ஷணத்தையும் கவனிப்போர் மிகச் சிலரே.

கீமேன் நாள்தோறும் தமக்குரிய பகுதி முழுவதையும் நடந்து, தண்டவாளத்தின் பிணைப்புகள் நெகிழ்ந்தனவா, விரிசல் கண்டதா என்று பரிசோதிப்பவர். ஐப்பசி, கார்த்திகை மழையில், கரை அரிக்கக்கூடிய இடங்களில் இரவுக் காவல் நடையும் உண்டு. இரவெல்லாம் நடந்தவர் பகலில் உறங்கியாக வேண்டும். தாழ்ந்த தகரக் கூரையின் கீழ் இச்சீமையின் வெயிலில் உறக்கம் கூடுமோ? ஆகவே உயர்ந்த கூரையும், எதிரெதிரான சன்னல்களும், மேற்குப் புறத் தாழ்வாரமும் ஆடம்பரமல்ல. உறக்கங்கெட்டவர் கண்ணுக்கு ஒரு விரிசல் தப்பினால் ஆபத்து பிரயாணிகளுக்கே.

தொழிலாளர் நிலையை விசாரிக்க 1929-இல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன், 1931-இல் வெளியான தன் அறிக்கையில், தொழிலாளர் வீடுகளின் இடப்பரப்பு, காற்றோட்டம், வெளிச்சம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கவும், குடிநீர், சாக்கடை, கக்கூஸ் ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்கவும் சிபாரிசு செய்தது. ஆனால் விதி ஒன்றாயினும் மண் ஒன்றல்லவே.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் மழையில் ஊதி, கோடையில் ஆழமாக வெடிக்கும். அதன்மேல் நேராகக் கட்டிய சுவர் சில வருஷங்களில் பிளவு காணும். பிளவில் தேளும் பாம்பும் குடியேறும். அஸ்திவாரத்தின் கீழுள்ள கரிசலை அகற்றி, மணலும் சரளையும் இட்டுக் கெட்டித்த பின்னரே கட்டடம் எழுப்புதல் நலம். கூரை நீர் சுவரடியில் தேங்காதபடி தளவரிசை இடுவதும் அவசியம்.

கக்கூஸ் விஷயத்தில் இம்மண் மேலும் தொல்லை தரும். நனைந்த கரிசல் நீரை எளிதில் உறிஞ்சாது. காய்ந்த கரிசலோ வெடிப்பின் வழியே அசுத்தத்தைத் தொலைவுக்குக் கடத்திவிடும். இரட்டைக் குழிக் கக்கூஸ் அமைக்கும்போது குழியின் உறைக்கு வெளியே சுற்றிலும் ஓரடி அகலத்திற்கு மணல் அல்லது பொடிக்கல் நிரப்ப வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடியேனும் இடைவெளி வேண்டும். கரிசலில் அதற்கும் மேற்பட இருப்பது உத்தமம். ஒரு குழி நிறைந்ததும் மறு குழிக்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டு ஆண்டு மூடி வைத்தால் மலம் மக்கி எருவாகும். அதைத் தோட்டத்துக்கு இடலாம்.

வீட்டில் கக்கூஸ் இருந்தும் வேலைத்தலம் அசுத்தமாயிருந்தது நெடுங்காலத்துக் கொடுமை. வண்டிகளிலிருந்து நேரே பாதைமீது விழுந்த மலத்தினிடையே நின்றே கேங்மேன்கள் கட்டைகளைச் செப்பனிட்டனர். இதே பாதை சென்று சேரும் மானாமதுரையிலிருந்து இராமேஸ்வரம் வரையுள்ள 114 கிலோமீட்டர், 2016-ஆம் ஆண்டில் மலம் விழாத முதற்பாதையாக அறிவிக்கப்பட்டது. வண்டிகளில் மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்த் தொட்டிகள் பொருத்தப்பட்டமையே காரணம்.

பாதைக்கு மேடு போட மண் வெட்டிய குழிகள் மற்றொரு தீங்கு. மழை நீர் அவற்றில் நின்றால் மலேரியாக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு இவ்வெப்பத்தில் ஒரு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலமே போதும். குழிகளை ஒன்றோடொன்று வாய்க்காலால் இணைத்துக் கண்மாய்க்கு வடியச் செய்தால் பயிருக்கும் நீராகும், கொசுவும் குறையும். குடியிருப்பில் உள்ள தொட்டி, பானைகளை வாரம் ஒரு நாள் கவிழ்த்துக் காய வைப்பது வீட்டுப் பெண்டிர் மாத்திரமன்றி ஆடவரும் செய்யத்தக்க வேலையே.

குடிநீர் விஷயம் கிராமத்தோடு சேர்ந்தது. உவர்க் கிணறுள்ள இடத்தில் குடியிருப்பாரும் கிராமத்தாரும் ஒரே ஊருணியை நம்புவர். நரம்புச் சிலந்தி நோய் உற்றவர் படியிறங்கிக் காலை நனைத்ததனால் பிறர் அந்நீரைக் குடித்து நோயுற்ற காலம் இந்நாட்டில் உண்டு. இந்தியாவில் கடைசி நோயாளி காணப்பட்டது 1996-இல்தான். ஊருணியில் குளிப்பதையும் மாடு இறங்குவதையும் தடுக்க முள்வேலியிட்டு, கரையில் நின்றே நீர் இறைக்க ஓர் இறைப்புக் கிணறும் கைப்பம்பும் அமைக்கும் செலவைக் கூட்டுறவுச் சங்கமும் குடியிருப்பாரும் பங்கிட்டுக்கொள்ளலாம். வேலியை மழைக்கு முன் ஆண்டுதோறும் புதுப்பிப்பதை இரு சாராரும் முறை வைத்துச் செய்யலாம்.