மூத்தோருடன் காட்டில் கற்றல்: கிறீ மக்களின் அனுபவம்

கனடாவின் முதற்குடி மக்களுள் கிறீ இனத்தவர் பெருந்தொகையினர். அவர்களில் ஒரு பிரிவினர் கியூபெக் மாகாணத்தின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் வாழ்கின்றனர். வேட்டையும் மீன்பிடியும் அவர்களது பரம்பரைத் தொழில்கள். இவற்றை அவர்கள் பிள்ளைகளுக்குக் கையளிக்கும் முறையைக் கிராமங்களில் பணிபுரியும் நாம் ஊன்றிக் கவனித்தல் நன்று.

பார்த்தும் செய்தும்

நடை பழகிய குழந்தைக்கு ஒரு சடங்கு உண்டு. விடியற்காலையில் அது கூடாரத்திலிருந்து தன் காலால் நடந்து வெளியே வரும். ஆண்பிள்ளையின் கையில் விளையாட்டுத் துப்பாக்கியும் பெண்பிள்ளையின் கையில் சிறு கோடரியும் இருக்கும். நிலத்துடனான உறவு அன்று தொடங்குகிறது. பின்னர் முயலுக்குக் கண்ணி வைத்தல், ஆற்றின் பனிக்கட்டி ஆளைத் தாங்குமா என அறிதல், தோல் பதனிடுதல் ஆகியவற்றை மூத்தோரோடு கூட இருந்தே பழகுகின்றனர்.

தொழிலோடு ஒழுக்கமும் சேர்ந்தே வருகிறது. விலங்கு தன்னையே வேட்டைக்காரனுக்குக் கொடையாகத் தருகிறது என்பது கிறீ நம்பிக்கை. ஆதலால் வீணாகக் கொல்லலாகாது. இறைச்சியைப் பகிர வேண்டும். எலும்புகளை நாய்கள் கடிக்க விடலாகாது. ஒவ்வொரு வேட்டை நிலத்துக்கும் மூத்த பொறுப்பாளர் ஒருவர் உண்டு. எப்பகுதியில் வேட்டையாடுவது, எதை ஓயவிடுவது என்பது அவர் பொறுப்பு.

மூத்தோர் சொல்

1910களில், புதிய ரகத் துப்பாக்கிகள் கைக்கு வந்தபோது, கரிபூ என்னும் மான்கள் அளவின்றிக் கொல்லப்பட்டன. அதன்பின் அவை பல்லாண்டுகள் அப்பக்கம் வரவில்லை. 1980களில் சிசாசிபி என்ற ஊருக்கருகே அவை திரும்பி வந்தபோது இளைஞர் சிலர் கண்டபடி சுட்டனர். அடுத்த குளிர்காலத்தில் மான்கள் அருகிவிட்டன. ஊர்க் கூட்டத்தில் மூத்தோர் எழுந்து பழைய கதையைச் சொன்னார்கள். எவரையும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த பருவத்தில் வேட்டை ஒழுங்காக நடைபெற்றது.

அறுந்த தொடர்பு

இக்கையளிப்பு இடையில் அறுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1990கள் வரை, கனடாவில் ஏறத்தாழ 1,50,000 முதற்குடிப் பிள்ளைகள் விடுதிப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டனர். அங்கு தாய்மொழி பேசியமைக்காகப் பலர் தண்டிக்கப்பட்டனர். காட்டில் பெற்றோருடன் இருக்க வேண்டிய மாதங்கள் விடுதியில் கழிந்தன. அப்பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவை கிறிஸ்தவ சபைகள்; எமது கத்தோலிக்க துறவற சபைகளும் அவற்றுள் அடங்கும். 2022 ஜூலை 25இல் பாப்பரசர் பிரான்சிஸ், அல்பேட்டா மாகாணத்தில் கிறீ மக்களின் மஸ்குவாசிஸ் என்னும் இடத்திற்குச் சென்று மன்னிப்புக் கோரினார்.

மீண்டும் இடம் கொடுத்தல்

1971இல் அறிவிக்கப்பட்ட நீர்மின் திட்டத்தை எதிர்த்துப் போராடிய ஜேம்ஸ் விரிகுடா கிறீ மக்கள், 1975இல் அரசுகளுடன் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்வழி தமக்கெனக் கல்விச் சபையையும், காட்டில் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு வருமான உதவியையும் பெற்றனர். இளவேனிலில் காட்டு வாத்துகள் வரும் காலத்தில் பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்படுகிறது. குடும்பங்கள் முகாமுக்குச் செல்கின்றன.

மூத்தோரின் அறிவை எழுதி நூலாக்குவது பயனுள்ள வேலையே. ஆயினும் பனிக்கட்டியின் உறுதியை ஏட்டில் பழக முடியாது. பிள்ளைக்கு நேரமும், குடும்பத்துக்குச் சீவனோபாயமும், கால் வைக்க நிலமும் வேண்டும். திட்டங்களை வகுக்கும்போது இம்மூன்றும் அவற்றில் உள்ளனவா என நாம் முதலில் பார்ப்போமாக.