பக்கத்து பெஞ்சுப் பாடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை அதற்கும் மூன்று வயது மூத்தது. பிழைப்புக்காக வெளியூர் ஆட்கள் வருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆவடி பாதுகாப்புத் துறைக் குடியிருப்புகளின் கேந்திரிய வித்யாலயாக்களில் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு பல காலமாகச் சேர்ந்தே படிக்கிறார்கள்.

இப்போது வருகிறவர்களின் நிலைமை வேறு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பட்டறை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வருகிறவர்கள், குடும்பத்தோடு வந்தால், பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியில்தான் சேர்க்க முடிகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.

ஆக, ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்துவிடும். மதிய உணவின்போது யார் பக்கத்தில் உட்காருவது? அதைச் சட்டம் சொல்லாது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஆசிரியர் சொல்வதைவிடக் கூட்டாளி சொல்வதுதான் காதில் ஏறும். ‘வடக்கன்’ என்று கேலி செய்து ஒதுக்கப்படும் பையன் வாயைத் திறக்க மாட்டான். சந்தேகமும் கேட்க மாட்டான். கணக்கு நன்றாக வருகிறவனுக்கும் கேள்வியின் தமிழ் புரியாததால் மதிப்பெண் போகும்.

பிரித்துக் கொடுத்த பாடம்

இந்த ஒதுக்கலை மாற்ற முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971-ல் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது அடிதடி மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு வழி சொன்னார். பிள்ளைகளைக் கலந்து சிறு குழுக்களாக்கி, ஆளுக்கொரு பகுதியாகப் பாடத்தைப் பிரித்துக் கொடுப்பது. ஒருவர் சொல்லாமல் மற்றவருக்குப் பாடம் முழுமையாகாது. கேலி குறைந்தது, பின்தங்கியிருந்த சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது.

“அதுகளோடு சேர்ந்தால் எங்கள் பிள்ளை படிப்பு கெடாதா?” என்ற பெற்றோரின் பயத்துக்கு டெல்லியில் ஓரளவு பதில் இருக்கிறது. வசதியானவர்களின் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்ததன் விளைவைப் பொருளியல் அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார். வசதியான பிள்ளைகளிடம் தாராள மனம் வளர்ந்திருந்தது, பாகுபாடு குறைந்திருந்தது. படிப்பில் இறக்கம் இருந்தாலும் அது சிறியதே. ஒரே குழுவில் உட்கார்ந்து நேரடியாகப் பழகியதுதான் இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம்.

ஒரே வகுப்பில் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதே இந்த இரண்டு ஊர்களும் சொல்லும் பாடம். வெளிமாநிலப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் ஒன்றாக உட்கார வைத்தால் அவர்கள் ஆண்டு முழுக்கத் தங்கள் மொழியிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். தமிழ் பேசும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்தால் விளையாட்டிலும் வீட்டுப்பாடத்திலும் தமிழ் தானாக வரும். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஆசிரியர்களே, வரும் திங்கட்கிழமை இருக்கைகளை மாற்றிப் போடுங்கள். பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.