ஒரே பக்கத்தை எத்தனை முறை கட்டுவது?

2009 ஜூன் 25. மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியதும் எல்லோரும் விக்கிப்பீடியாவுக்கு ஓடினார்கள். தளம் முடங்கிவிட்டது. கூட்டம் மட்டும் காரணம் என்றால் இதை எழுத வேண்டியதில்லை.

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்தால், தரவுத்தளத்திலிருந்து எழுத்தை எடுத்து, வார்ப்புருக்களை (டெம்ப்ளேட்) விரித்து, பக்கத்தைக் கட்ட வேண்டும். நீண்ட கட்டுரைக்குப் பல விநாடிகள் பிடிக்கும். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் முறை கட்டுவதா? நன்கொடையில் நடக்கும் தளத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் 2004வாக்கிலேயே ஸ்குயிட் என்ற இலவச மென்பொருளைச் சாதாரண சர்வர்களில் ஏற்றி வாசலில் நிறுத்தினார்கள். இவைதான் பிராக்சிகள். ஒருமுறை கட்டிய பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அதையே நீட்டிவிடும். உள்ளே இருக்கும் சர்வருக்கு விஷயமே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அடுத்தது. பத்து பிராக்சி இயந்திரங்கள் இருந்து, பத்தும் அதே பக்கங்களையே வைத்திருந்தால் நினைவகம் வீண். அதனால் பக்கத்தின் முகவரியை வைத்து ஒரு கணக்குப் போட்டு, அது எந்த இயந்திரத்தின் பொறுப்பு என்று தீர்மானித்தார்கள். பத்தின் நினைவகமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஒன்று பழுதானால் அதன் பங்கு மட்டும் மற்றவற்றுக்குப் பிரிந்து போகும். விலை குறைந்த இயந்திரங்களை நம்பி இறங்க முடிந்தது இதனால்தான்.

சிக்கல், பிரதி பழசாகும்போது. யாராவது கட்டுரையைத் திருத்தியதும் பிராக்சிகளுக்கு 'அதை அழித்துவிடு' என்று கட்டளை போகும். அன்று ஜாக்சன் கட்டுரையை ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்திலும் பிரதி அழிந்தது. காத்திருந்த அத்தனை பேரின் கோரிக்கையும் ஒரே நொடியில் உள்ளே பாய்ந்தது. எல்லா சர்வர்களும் அதே பக்கத்தைத் தனித்தனியாகக் கட்ட உட்கார்ந்தன. பிறகு பூல்கவுன்டர் என்ற சிறு நிரலை எழுதினார்கள். பக்கத்தை ஓரிரு சர்வர்கள் மட்டும் கட்டும், மற்றவை காத்திருக்கும். தாமதமானால் பழைய பிரதி கிடைக்கும். சில நிமிடப் பழசைத் தரத் துணிந்ததுதான் இதில் பெரிய விஷயம் என்பேன்.

ஸ்குயிட் போய் வார்னிஷ் வந்தது, வேறு மென்பொருள்களும் வந்தன, பிரதியை வைத்து நீட்டும் முறை மாறவில்லை. 2018இல் சிங்கப்பூரிலும் இத்தகைய பிராக்சிகளை வைத்தார்கள். கணினி உலாவியில் டெவலப்பர் கருவியைத் திறந்து, தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தை ஏற்றி, வந்த பதிலின் தலைப்புகளில் (ஹெடர்) 'எக்ஸ்-கேஷ்' வரியைப் பாருங்கள். பிராக்சியின் பெயருக்குப் பக்கத்தில் 'ஹிட்' என்றும், சாய்கோடு போட்டு ஓர் எண்ணும் இருக்கலாம். அதே பிரதி அதுவரை எத்தனை முறை கைமாறியது என்பதே அந்த எண். கணக்கில் உள்நுழைந்துவிட்டுப் பாருங்கள், 'பாஸ்' என்று மாறியிருக்கும்: அந்தப் பக்கம் உங்களுக்கென்று உள்ளேயிருந்து வந்தது.